இருட்டு அளவு

இது கதை இல்லை. என் அக்காவுக்கு நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால் கட்டில்மேல் ஏறிக்கொள்கிறவன் நான். செருப்பைக் கையில் எடுக்கிறவள் அவள். அவள் ஒரு விஷயத்துக்கு நடுங்கினாள் என்றால் அது லேசுப்பட்ட விஷயம் இல்லை.

இன்னொன்று. பேய்க் கதை என்றதும் நடுநிசியை எதிர்பார்ப்பீர்கள். இது நடந்தது பட்டப்பகலில். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில்.

அக்கா ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். பிளாஸ்டிக்கில் சோலார் செல் செய்கிற வேலை. மொட்டைமாடிகளில் பார்க்கிறோமே, அந்தக் கனமான பலகை இல்லை இது. மை மாதிரி ஒரு திரவம். தீப்பெட்டி அளவுக் கண்ணாடித் துண்டில் அதைப் பூசிக் காயவைத்தால் செல் தயார். மலிவான சமாச்சாரம்தான், ஆனால் ஒரு பெரிய தொல்லை இருக்கிறது. பூச்சைத் தடிமனாகப் பூசினால் உள்ளே பிறக்கிற கரண்ட் வெளியே வந்து சேராது. மெல்லிசாகப் பூசினால் வெளிச்சம் உள்ளே தங்காமல் ஊடுருவி ஓடிவிடும்.

அதற்கு ஒரு தந்திரம் உண்டு. பூச்சின் மேல் நுணுக்கமாக மேடுபள்ளம் பதிப்பார்கள். நேராக வருகிற வெளிச்சம் அதில் பட்டுச் சாய்ந்து நுழையும். நுழைந்தபின் வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். "உள்ள போனது வெளிய வரக் கூடாதுடா. அவ்வளவுதான் என் உத்தியோகம்" என்று அக்கா சிரித்துக்கொண்டே சொல்வாள். இப்போதெல்லாம் அப்படிச் சொல்வதில்லை.

மேடுபள்ளம் பதிக்க அச்சு வேண்டுமே. இலை, பூவிதழ், தும்பியின் இறக்கை என்று எதையாவது எடுத்து, அதன்மேல் திரவ ரப்பரை ஊற்றி, கெட்டியானதும் உரித்தால் அதன் கோடுகள் அப்படியே ரப்பரில் வந்துவிடும். அதுதான் அச்சு. கலக்கிய ரப்பரை எடுத்துவைக்க முடியாது. மிச்சத்தைக் கொட்டவும் அங்கே யாருக்கும் மனசு வராது. கையில் கிடைத்ததன்மேல் ஊற்றி விளையாடுவார்கள். சீப்பு, சாவி, சட்டைப் பொத்தான். அந்தக் கூடத்தின் தலைவர் ஒருமுறை தன் கைக்கடிகாரத்தின்மேல் ஊற்றி, கடிகாரத்தையே காலி செய்துகொண்டார். அந்த விளையாட்டு அச்சுகளை எல்லாம் ஒரு டிராயரில் போட்டு வைத்திருந்தார்கள். மிச்ச டிராயர் என்று அதற்குப் பெயர்.

தலைவருக்கு அக்கா வைத்த பெயர் 'ஆகட்டும்'. எதைக் கேட்டாலும் அவர் வாயில் அந்த ஒரே வார்த்தைதான் வரும். ஆனால் அன்றைக்கு அவர் வேறு மாதிரி பேசினார்.

"பணம் குடுக்கிற குழு வந்து பார்க்கப் போறாங்கம்மா. வெளிச்சம் பிடிக்கிறதுல முன்னேற்றம் காட்டலைன்னா உங்க பிரிவையே மூடிடுவாங்க. என் கையில எதுவும் இல்ல."

அக்காவுக்கு அது கடைசி வேலை. அந்த வயதில் வேறு எந்தக் கூடமும் அவளை எடுக்காது. அத்தான் இறந்ததிலிருந்து அவளும் அவள் மகள் பாப்பாவும் என்னோடுதான் இருக்கிறார்கள். வீடு ஓடுவது அவள் உத்தியோகத்தில். நான் ரிப்பேர் கடை வைத்திருப்பதாகச் சொல்லிக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

பூவிதழ் கைகொடுக்கவில்லை. இறக்கையும் கைவிட்டது. வெறுத்துப்போய் ஒரு நாள் மிச்ச டிராயரைக் குடைந்தாள். அடியில் ஒரு பழைய அச்சு. பெரிய நாணயம் அளவு, பழுப்பேறிப் போயிருந்தது. அதில் வளைந்து வளைந்து நெருக்கமான கோடுகள். ஏதோ சிப்பி ஓடு என்று நினைத்தாள். போனால் போகிறது என்று அதை வைத்துப் பதித்தாள்.

செல் பிய்த்துக்கொண்டு ஓடியது. போட்ட வெளிச்சத்தில் துளிகூட வீணாகவில்லை என்கிற மாதிரி. ஆகட்டும் இரண்டு தடவை "ஆகட்டும்" சொன்னார். அக்கா அன்று சாயங்காலம் பாப்பாவுக்கு ஒரு பெரிய பொம்மையும், எனக்கு எனக்குப் பிடிக்காத நிறத்தில் ஒரு சட்டையும் வாங்கி வந்தாள்.

அதன் பிறகுதான் சின்னச் சின்னதாக ஆரம்பித்தது.

இந்தச் செல்களைத் திறந்த காற்றில் செய்யக் கூடாது. மூடிய கண்ணாடிப் பெட்டி ஒன்று இருக்கும். அதன் முகப்பில் முழங்கை நீளத்துக்கு இரண்டு ரப்பர் கையுறைகள். அவற்றில் கையை விட்டுத்தான் உள்ளே வேலை செய்யவேண்டும். உள்ளே வாயுவை அழுத்தி நிரப்பியிருப்பதால் வேலை இல்லாத நேரத்தில் கையுறைகள் ஊதிக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் அலறுவார்கள். அக்காவுக்குப் பழகிப்போனது.

ஒரு காலை அவள் முதல் ஆளாகப் போனபோது இடது கையுறை மட்டும்தான் வெளியே நீட்டியிருந்தது.

வலது கையுறை பெட்டிக்கு உள்ளே இருந்தது. விரல்கள் மடங்கி, இடுக்கியைப் பிடித்தபடி.

கூட வேலை செய்கிறவரைப் பிடித்து ஒரு பாட்டம் திட்டினாள். அவர்தான் செல்களை அளந்து சொல்கிறவர். பருத்த, வாயாடி மனிதர். எல்லாரும் அவரைக் 'கரண்ட்' என்றுதான் கூப்பிடுவார்கள். தான் பெட்டிப் பக்கமே போகவில்லை என்று அவர் பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தார்.

அடுத்து ஒரு கறை. மூடி ஒட்டி முடித்த செல்லுக்குள்ளே, கண்ணாடியின் உள்பக்கத்தில், விரல்நுனி அளவு நீள்வட்டமாக ஒரு தடம்.

"உள்ள எப்படி யாரோட விரல் படும்?" என்றாள் அக்கா.

கரண்ட் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "விரல்னா கோடு இருக்குமே மேடம். இது மொழுமொழுன்னு இருக்கு. ஏதோ சொட்டு விழுந்திருக்கு."

மூன்றாவதுதான் அக்காவைத் தூங்கவிடாமல் செய்தது. செல்லை விளக்கடியில் வைக்கும் முன்பு கும்மிருட்டில் வைத்து ஒருமுறை அளப்பார்கள். இருட்டு அளவு என்று பெயர். வெளிச்சம் இல்லை என்றால் மின்சாரமும் இல்லை. பூஜ்யம்தான் வரவேண்டும்.

பூஜ்யம் வரவில்லை. ஏழு வந்தது.

குழு வந்து இதைப் பார்த்தால் மற்ற அளவுகளையும் பொய் என்பார்கள். பிரிவை மூடிவிட்டுப் போவார்கள். எங்கேயோ ஓட்டை வழியாக வெளிச்சம் கசிகிறது என்று முடிவுகட்டினாள் அக்கா. அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தே தீருவது என்று இருட்டறைக்குள் போனாள்.

அப்போது மணி பகல் பதினொன்று நாற்பது.

இருட்டறை என்றால் ஒரு குளியலறை அளவுதான். ஜன்னல் கிடையாது. கறுப்புச் சுவர், நடுவில் ஒரு மேஜை, மேஜைமேல் செல். செல்லிலிருந்து வயர்கள் பலகைச் சுவர் வழியாக அடுத்த அறைக்குப் போகும். அங்கே மீட்டர் முன்னால் கரண்ட் உட்கார்ந்திருந்தார். பேசினால் சுவர் தாண்டிக் கேட்கும்.

ஒவ்வொரு செல்லிலும் நான்கு கோடுகள் உண்டு. நான்கும் தனித்தனியாக வெளிச்சம் பிடிக்கும். முதல் கோடு கதவுப் பக்கம். நான்காவது அக்கா உட்கார்ந்திருந்த பக்கம். அவள் கையில் ஒரு கறுப்பு அட்டை. அதைச் செல்லுக்கு முன்னால் ஒவ்வொரு பக்கமாகப் பிடிப்பாள். எந்தப் பக்கம் பிடிக்கும்போது எண் குறைகிறதோ அந்தப் பக்கம்தான் ஓட்டை. திட்டம் சுலபம்.

விளக்கின் பிளக்கைப் பிடுங்கினாள். போனை வெளியே வைத்தாள். கதவைச் சாத்தினாள்.

கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான் என்கிற இருட்டு.

"ஆரம்பிக்கலாம்" என்றாள்.

மீட்டர் ஒவ்வொரு கோட்டையும் அளக்கும்போது ஒரு சத்தம் வரும். டிக். டிக். டிக். டிக். நான்கு.

"நாலும் ஏழு மேடம்."

டிக். டிக். டிக். டிக்.

"ஏழுதான்."

அட்டை அவள் மடியில் இருந்தது. முதலில் கூரைப் பக்கமா, கதவுப் பக்கமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அங்கதான் மேடம்! அப்படியே பிடிங்க! முதல் கோட்டுல எண் விழுந்திருச்சு!"

அக்கா அசையவில்லை.

"கரண்ட்... நான் இன்னும் அட்டையத் தூக்கவே இல்ல."

டிக். டிக். டிக். டிக்.

"விளையாடாதீங்க மேடம். இப்ப ரெண்டாவதுலயும் விழுந்திருச்சு."

அக்கா இதைச் சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் சொன்னது இதுதான். அந்த அறையில் நம் கண்ணுக்குத் தெரியாத ஏதோ வெளிச்சம் இருக்கிறது. அதுதான் ஏழு. எண் விழுகிறது என்றால் நிழல் விழுகிறது. நிழல் விழுகிறது என்றால் ஏதோ ஒன்று நடுவில் வந்து நிற்கிறது. அது கதவுப் பக்கத்திலிருந்து வருகிறது.

டிக். டிக். டிக். டிக்.

"மூணாவது..."

டிக். டிக். டிக். டிக்.

டிக்.

ஐந்தாவது சத்தம் மீட்டரில் இருந்து வரவில்லை. அறைக்குள்ளிருந்து வந்தது. கதவில்.

யாரோ தாழ்ப்பாள் போடுகிற சத்தம்.

"மேடம்... நாலும் பூஜ்யம்."

பூஜ்யம். அவள் கேட்டு வந்த பூஜ்யம்.

"மேடம்? செல்ல கையால மூடியிருக்கீங்களா?"

செல் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கக் கையை நீட்டினாள்.

செல்மேல் ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

சூடாக இல்லை. ஜில்லென்றும் இல்லை. அறைக்கு என்ன சூடோ அதே சூடு.

அது விலகவில்லை. மெதுவாகத் திரும்பி...

அவள் விரல்நுனிகளைத் தடவியது.

ஒவ்வொன்றாக.

மொழுமொழுவென்று. ஒரு கோடு இல்லை. ஒரு சுருக்கம் இல்லை.

எதையோ தேடுகிற மாதிரி.

கட்டைவிரலில் வந்து நின்றது...

அக்கா கத்தினாள். நாற்காலி விழுந்தது. சுவரைத் தடவிக் கதவைப் பிடித்தாள். வெளியிலிருந்து கரண்ட் தோளால் இடிக்கிறார், கதவு திறக்கவில்லை. தாழ்ப்பாளைக் கையால் துழாவிப் பிடித்து இழுத்தாள். இறுகிப்போயிருந்தது. இரண்டு கையாலும் இழுத்தாள். திறந்தது.

மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.

"ஏன் மேடம் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டீங்க?" என்றார் கரண்ட், மூச்சு வாங்க.

அக்கா திரும்பிக் கதவைப் பார்த்தாள். வெளிச்சம் நன்றாக விழுந்தது. கதவின் உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. திருகாணி கழற்றிய நான்கு பழைய துளைகள் இருந்தன. அவற்றின்மேல் பெயிண்ட் அடித்திருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இத்தோடு வேலையை விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் விடுப்பு போட்டாள். மூன்றாம் நாள் தலைசீவிக் கிளம்பிவிட்டாள். பாப்பாவைப் பள்ளியில் விடும்போது மட்டும் அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அந்தப் பழைய அச்சை இனித் தொடுவதில்லை என்று முடிவு செய்தாள். ஆனால் தூக்கிப்போடும் முன் பூதக்கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். சிப்பியாவது ஓடாவது. அது ஒரு கட்டைவிரலின் ரேகை. யாரோ மிச்ச ரப்பரைத் தன் விரல்மேல் ஊற்றி விளையாடியிருக்கிறார்கள்.

இங்கேதான் என் அக்கா அந்தத் தப்பைச் செய்தாள். நீங்களும் நானும் செய்திருக்க மாட்டோம். அந்த வேலை பார்க்கிறவர்களுக்குத்தான் அப்படித் தோன்றும். குழு வர நான்கே நாள் இருந்தது. பேய் பிடித்தது அந்த அச்சைத்தானே, ரேகையை இல்லையே என்று நினைத்தாள். அடுத்தவர் விரலாக இருந்தால்தானே பயம், என் விரல் என்னை என்ன செய்யும் என்று நினைத்தாள். ரப்பரைக் கலக்கித் தன் வலது கட்டைவிரல்மேல் ஊற்றிக்கொண்டாள்.

உரிக்கும்போது சுருக்கென்று ஒரு இழுப்பு. அவ்வளவுதான் என்றாள்.

அந்த அச்சில் செய்த செல் பழையதையும் மிஞ்சியது. இருட்டு அளவு சுத்தமாகப் பூஜ்யம். குழு வந்தது, பார்த்தது, வாயைப் பிளந்தது. பிரிவை மேலும் மூன்று வருஷம் நடத்தச் சொன்னார்கள். அந்தச் செல்களில் சிலவற்றைத் தங்களோடு எடுத்துக்கொண்டும் போனார்கள். அக்கா வேலை பிழைத்தது.

அவர்கள் போனதும் எல்லாரும் டீ குடித்தார்கள். ஆகட்டும் அக்காவின் மேஜைப் பக்கம் வந்தார். பழுப்பேறிய அந்த அச்சு இன்னும் அங்கேயே கிடந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இது எங்க கிடைச்சது?"

"மிச்ச டிராயர்ல சார். யாரோடது?"

அவர் உட்கார்ந்துகொண்டார். அக்காவுக்கு முன்னால் இதே நாற்காலியில் ஒரு பெண் இருந்தாள் என்றார். கெட்டிக்காரி. கலகலப்பானவள். ஒரு நாள் மிச்ச ரப்பரை விரலில் ஊற்றி இதை எடுத்து எல்லோரிடமும் காட்டிச் சிரித்தாளாம்.

"அப்புறம்?"

"கொஞ்ச நாள்ல கேட்டுல விரல் வச்சு வருகை பதியிற மெஷின் அவ விரலை எடுக்கல. தொடச்சு தொடச்சு வச்சா. எடுக்கவே இல்ல. கையெழுத்துப் போடத் தனியா ஒரு தாள் குடுத்தோம்."

"அப்புறம் சார்?"

"ஒரு நாள் மத்தியானம் இருட்டு அளவு எடுக்க உள்ள போனாம்மா. ரொம்ப நேரமா வரல. தட்டினோம். உள்ள தாழ்ப்பாள் போட்டிருந்தது. உடைச்சுத் திறந்தோம்..."

அவர் டீயைக் கீழே வைத்தார்.

"உள்ள யாரும் இல்ல."

அந்தத் தாழ்ப்பாளை அன்றைக்கே கழற்றிவிட்டார்களாம். அவள் வீட்டுக்காரர் வெகுநாள் வரை சாயங்காலமானால் கேட் வாசலில் வந்து நிற்பாராம்.

அக்கா மேஜைக்குக் கீழே தன் போனை எடுத்தாள். கட்டைவிரலை வைத்தாள்.

போன் திறக்கவில்லை.

புடவையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

திறக்கவில்லை.

அன்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் மின்சாரம் போய்விட்டது. பாப்பா இருட்டில் அம்மா கையைத் தேடிப் பிடித்தாள். பிடித்தவள் உடனே விட்டுவிட்டாள். "மாமா, இது யார் கை?" என்று என்னிடம் கேட்டாள்.

"வேலைய விட்டுடுக்கா" என்றேன். கெஞ்சினேன். அழுதும் பார்த்தேன்.

"விட்டுட்டு?" என்றாள். "அச்ச வெட்டி எரிச்சுட்டேன்டா. ஆனா என் ரேகை பதிஞ்ச செல்ல எடுத்துட்டுப் போயிட்டாங்களே. எங்கெங்க வச்சிருக்காங்களோ. நான் எங்க ஓடினா என்ன?"

கேட் மெஷின் அவள் விரலை எடுக்கவில்லை. அவளுக்கென்று தனியாக ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். காலையில் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போகிறாள். இருட்டறைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை என்கிறாள். கரண்ட்டும் அப்படித்தான் சொல்கிறார். நான் நம்புகிறேன்.

ஆனாலும் தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு அவளுக்குப் போன் செய்கிறேன். மணி அடிக்கும். நான்கு தடவை, ஐந்து தடவை... ஒவ்வொன்றாக எண்ணுவேன்.

இன்றுவரை எடுத்திருக்கிறாள்.